மேசைக்கு வந்துவிட்ட எல்லை

ஐரோப்பாவின் நாட்டுப்புறச் சாலைகளில் ஒரு நாடு முடிந்து இன்னொரு நாடு தொடங்குவது பல இடங்களில் தாரின் நிறம் மாறுவதை வைத்துத்தான் தெரிகிறது. நீலப் பலகை ஒன்றில் பன்னிரண்டு மஞ்சள் நட்சத்திரங்களுக்கு நடுவே நாட்டின் பெயர் இருக்கும். சற்றுத் தள்ளி, அந்த நாட்டில் ஊருக்குள் எவ்வளவு வேகம், ஊருக்கு வெளியே எவ்வளவு, நெடுஞ்சாலையில் எவ்வளவு என்று சொல்லும் இன்னொரு பலகை. சில இடங்களில் பழைய சோதனைச் சாவடியின் கூரை மட்டும் மிச்சம். பிரேக்கில் கால் வைக்காமலே கடந்துவிடலாம்.

இப்படியொரு பயணத்துக்குத் திட்டம் போட உட்கார்ந்தால், அதுவும் இந்தியப் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், அந்த எல்லைகளெல்லாம் எங்கே போயின என்பது புரிந்துவிடுகிறது. சாலையில் கழற்றியதைத் தாளில் மாட்டியிருக்கிறார்கள். விசா விண்ணப்பத்தில், காப்பீட்டுச் சான்றிதழில், வாடகைக் கார் ஒப்பந்தத்தின் பொடி எழுத்துகளில் ஒவ்வொரு சாவடியும் பத்திரமாக இருக்கிறது. திட்டமிடுவதைப் பயணத்துக்கு முந்திய வேலை என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். நம்மைப் போன்றவர்களுக்கு எல்லை கடக்கிற வேலையே அதுதான். சாலையில் மிச்சமிருப்பது வெறும் ஓட்டுதல்.

நான் போட்டுவைத்திருக்கும் வழி லக்சம்பர்கின் ஷெங்கன் கிராமத்தில் தொடங்குகிறது. பிரான்சின் அல்சாஸ், ஜெர்மனியின் கருங்காடு, கான்ஸ்டன்ஸ் ஏரி, சுவிட்சர்லாந்தின் கிழக்கு மூலை, அங்கிருந்து ஸ்டெல்வியோ கணவாய் ஏறி இத்தாலி, பிறகு ஸ்லோவேனியா, கடைசியில் ஹங்கேரியின் மேற்கோரத்தில் ஷோப்ரோன் என்ற நகரம், அதற்கு வெளியே ஆஸ்திரிய எல்லையில் ஒரு வயல்வெளி. சுற்றி வளைத்துப் போனால் ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர், ஆஸ்திரியாவையும் சேர்த்து எட்டு நாடுகள். பெருநகரம் ஒன்றுகூட இல்லை. தொடக்கமும் முடிவும் மட்டும் யோசித்துத் தேர்ந்தவை: ஓரிடத்தில் எல்லையைக் கையெழுத்துப் போட்டு எடுத்தார்கள், மற்றதில் மக்களே கதவைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நடுவில் உள்ளதையெல்லாம் சாலைகளின் பொறுப்பில் விட்டிருக்கிறேன்.

ஷெங்கன், மொசெல் ஆற்றங்கரையில் திராட்சைத் தோட்டங்களுக்கு இடையே இருக்கும் சின்ன ஊர். ஆற்றுக்கு அக்கரை ஜெர்மனி. கரையோடு கொஞ்சம் தெற்கே போனால் பிரான்ஸ். 1985 ஜூன் 14 அன்று பிரின்செஸ் மரி-அஸ்த்ரித் என்ற உல்லாசப் படகில் பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி ஆகிய ஐந்து நாடுகளின் பிரதிநிதிகள் கையெழுத்திட்டார்கள். அன்றைய ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் பத்து நாடுகளில் பாதிதான் முன்வந்திருந்தது. பெருந்தலைவர்கள் யாரும் வரவில்லை. படகைத் தேர்ந்ததிலும் ஒரு பொருத்தம் இருந்தது. லக்சம்பர்குக்கும் ஜெர்மனிக்கும் இடையே ஓடும்வரை மொசெல் இரு நாடுகளுக்கும் பொதுவான நீர். 1816ஆம் ஆண்டு உடன்படிக்கை முதல் அங்கே ஆற்றின் நடுவே கோடு கிடையாது. கோட்டை அழிக்கும் ஒப்பந்தத்துக்குக் கோடே இல்லாத இடம் கிடைத்தது. பத்தாண்டு இழுபறிக்குப் பிறகு, 1995 மார்ச் 26 முதல் சோதனைகள் நிஜமாகவே நின்றன. இன்று அந்தக் கிராமத்தின் பெயரில் 29 நாடுகள் இருக்கின்றன. அந்தப் பெயரை நம்மூரில் அறிந்தவர்கள் பெரும்பாலும் விசா கேட்டு வரிசையில் நின்றவர்கள்.

*

விசா அலுவலர் முதலில் கேட்பது பயணத்தின் ஜாதகத்தை. எந்த இரவு எந்த ஊரில் தூங்குவீர்கள், அறைக்கு முன்பதிவு இருக்கிறதா, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு உண்டா, திரும்பி வரும் டிக்கெட் எங்கே. எட்டு நாடு போகிறவர் எட்டு விசா கேட்க வேண்டாம், ஒன்று போதும். ஆனால் அதை யாரிடம் கேட்பது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டின் தூதரகம், நாட்கள் சமமாக இருந்தால் முதலில் காலடி வைக்கும் நாடு. என் தாளில் இத்தாலியும் ஸ்லோவேனியாவும் சமமாக நின்றன. ஒரு மலையடிவார ஊரில் ஒரு மாலைப்பொழுது கூடுதலாக இருந்துவிடலாமா என்ற ஆசைகூட எந்த நாட்டுத் தூதரகத்தின் வாசலில் நிற்பது என்பதை மாற்றிவிடும்.

நெடும்பயணத்தின் ருசி முழுக்க இதற்கு எதிர்த்திசையில் இருக்கிறது. மதியம் ஒரு திருப்பத்தில் பெயர் தெரியாத கிராமத்தின் கோபுரத்தைப் பார்த்து வண்டியைத் திருப்புவது, மழை பிடித்துக்கொண்டதால் ஓரிடத்தில் தங்கிவிடுவது, மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் சொன்ன கணவாயைத் தேடிப் போவது. ஜெர்மன் பாஸ்போர்ட்காரர் இதைச் சுதந்திரம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம். நமக்கு அது படிவத்தில் எழுத முடியாத பகுதி. அரசுக்கு ஒரு திட்டம், சாலைக்கு ஒரு திட்டம் என்று இரண்டு தாள் வைத்திருக்காத இந்தியப் பயணி இருக்க முடியாது என்றே நினைக்கிறேன். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. முதல் தாளில் இருக்கிற எல்லாம் உண்மை. உண்மை அவ்வளவோடு முடிவதில்லை.

விசாவுக்கு அடுத்தது வண்டி. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஓராண்டுக்குச் செல்லும். பெரும்பாலான நாடுகளில் நம் உரிமத்தோடு அதையும் காட்ட வேண்டும். வாடகைக் கார் நிறுவனங்கள் எந்தெந்த நாட்டுக்குள் வண்டியைக் கொண்டுபோகலாம் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கின்றன. உயர்ரகக் கார்களுக்குக் கிழக்கே போகப் போகப் பட்டியல் சுருங்கும். ஒரு நாட்டில் எடுத்து வேறொரு நாட்டில் விட்டால் வாங்கும் கட்டணம் சில சமயம் வாடகையையே மிஞ்சும். பயணத்தை நேர்கோடாக நினைத்துத் தொடங்குகிறவர்கள் இந்த ஒரு வரியைப் படித்ததும் வட்டமாக வளைத்துவிடுவார்கள். எல்லையை அரசாங்கம் எடுத்துவிட்ட பிறகும் நிறுவனங்கள் தங்கள் கணக்குப் புத்தகத்தில் வைத்திருக்கின்றன.

சாலை வரியும் நாட்டுக்கு நாடு வேறு. பிரான்சிலும் இத்தாலியிலும் நம்மூர் டோல்கேட் முறை. சுவிட்சர்லாந்தில் ஆண்டுக்கு 40 ஃபிராங்க். ஒரே ஒரு நாள் நெடுஞ்சாலையில் ஏறினாலும் அதே 40 ஃபிராங்க். ஸ்லோவேனியாவில் வாரக் கணக்கிலும் ஹங்கேரியில் நாள் கணக்கிலும் மின்னணு வில்லை. இவையெல்லாம் நெடுஞ்சாலைக்கு மட்டுமே. நாட்டுப்புறச் சாலையில் போகிறவரிடம் பெரும்பாலும் யாரும் எதுவும் கேட்பதில்லை. அவர் கொடுப்பது நேரம். சமவெளியில் மணிக்கு 50 கிலோமீட்டர், மலையில் 35 என்று கணக்கு வைத்தால்தான் மாலை வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேரலாம்.

இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் வலப்பக்கம் ஓட்டுவதை நினைத்துத்தான் பயப்படுவார்கள். அது அரை நாளில் கைக்கு வந்துவிடும் என்கிறார்கள் ஓட்டியவர்கள். கைக்கு வராதது வேறொன்று. பிரான்சிலும் ஜெர்மனியிலும் கிராமத்துக்குள், பலகை எதுவும் இல்லாத சந்திப்பில், வலப்பக்கச் சந்திலிருந்து வருகிற வண்டிக்கே முன்னுரிமை. நீங்கள் அகலமான தெருவில் வரலாம், அவர் தொழுவத்துச் சந்திலிருந்து டிராக்டரில் வரலாம். நிற்க வேண்டியவர் நீங்கள்தான். வெள்ளை விளிம்புள்ள மஞ்சள் வைரப் பலகை தெரிந்தால் உங்கள் சாலைக்கு முன்னுரிமை. அதே பலகை கறுப்புக் கோட்டால் அடிக்கப்பட்டிருந்தால் அந்த உரிமை அங்கே முடிந்தது. பெரிய வண்டிக்கும் நீண்ட ஹாரனுக்கும் வழிவிட்டுப் பழகிய நமக்கு, சந்தில் வருகிறவருக்காக வேகத்தைக் குறைப்பது கையைவிட மனதுக்குக் கொடுக்க வேண்டிய பயிற்சி.

*

இனி வரைபடம். செல்பேசியிடம் கேட்டால் வேகமான வழியைச் சொல்லும். நெடுஞ்சாலையைத் தவிர்க்கும்படி அமைத்தால், அதிலும் வேகமானதையே தேடும். நாட்டுப்புறத்துக்கு இன்னும் நம்பக்கூடியது காகிதம்தான். மிஷ்லென் நிறுவனத்தின் 1:200,000 அளவு வரைபடங்களில் ஒரு சென்டிமீட்டர் இரண்டு கிலோமீட்டர். பார்க்கத் தகுந்த சாலைகளுக்குப் பச்சை விளிம்பு கட்டியிருப்பார்கள். அந்தப் பச்சைக் கோடுகளை ஒன்றோடொன்று இணைத்துக்கொண்டே போனால் பயணத்தின் பாதி முடிவாகிவிடும்.

இந்த வரைபடங்களின் பின்னே ஒரு டயர் வியாபாரம் இருக்கிறது. 1900இல் ஆந்த்ரே, எதுவார் மிஷ்லென் சகோதரர்கள் தங்கள் முதல் வழிகாட்டி நூலை 35,000 படிகள் அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தபோது பிரான்சில் கார்களே சில ஆயிரம்தான் இருந்தன. ஊர் சுற்றினால்தானே டயர் தேயும்? பிற்பாடு உணவகங்களுக்கு நட்சத்திரங்கள் வந்தன. இரண்டு நட்சத்திரமென்றால் வழியை விட்டு விலகிப் போகலாம்; மூன்றென்றால் அதற்காகவே ஒரு பயணம் போகலாம். இடங்களுக்கான பச்சை அட்டை நூல்களிலும் இதே அளவுகோல். வழி விலகுவதற்கு ஒரு மதிப்பெண் முறையையே ஒரு டயர் நிறுவனம் கண்டுபிடித்தது. 1944இல் நேசநாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்குமுன் அமெரிக்கர்கள் 1939ஆம் ஆண்டு மிஷ்லென் வழிகாட்டியை வாஷிங்டனில் மறுபதிப்பு செய்து படை அதிகாரிகளுக்குக் கொடுத்தார்கள். பிரெஞ்சு ஊர்களின் தெரு அமைப்பை அவ்வளவு துல்லியமாகச் சொல்ல வேறு நூல் இல்லை.

அதற்கு வெகுகாலம் முந்திய வழிப்படம் ஒன்று வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது. பொய்ட்டிங்கர் வரைபடம் என்று பெயர். ரோமானியக் காலத்து மூலத்திலிருந்து இடைக்காலத்தில் எழுதிய படி. உயரம் 34 சென்டிமீட்டர், நீளம் ஏழு மீட்டருக்குச் சற்றே குறைவு. இந்தச் சுருளில் நிலம் இழுத்து நீட்டப்பட்டிருக்கிறது, கடல்கள் வாய்க்கால்களாகச் சுருங்கியிருக்கின்றன. சிவப்புக் கோட்டில் சாலைகள், தங்குமிடங்கள், அடுத்த தங்குமிடத்துக்கு எத்தனை மைல் என்ற எண். வழிப்போக்கனுக்குத் தேவையில்லாத எதையும் வரைந்தவர் போடவில்லை. இன்றைய பொருளில் எல்லைக்கோடு என்று அதில் எதுவும் இல்லை. கீழ்க்கோடியில், இந்தியாவில், முசிறி இருக்கிறது; பக்கத்திலேயே அகஸ்டஸ் கோயில் என்று எழுதிய சின்னக் கட்டடம், அருகே ஒரு நீர்நிலை. சேரநாட்டுத் துறைமுகம் ஐரோப்பியச் சாலைகளோடு ஒரே தாளில் வந்தது மிளகின் தயவால். சரக்கு வந்துபோன காலத்தில் தாள் ஒன்றாக இருந்திருக்கிறது. ஆட்கள் போகத் தொடங்கிய பிறகுதான் படிவம் வந்தது.

*

பச்சை விளிம்பு கட்டிய சாலைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அழகான மலைச்சாலை என்று நாம் தேடிப் போகிறவற்றில் பல, படை நடத்தப் போட்டவை. ஸ்டெல்வியோவையே எடுத்துக்கொள்ளலாம். 2,757 மீட்டர் உயரம். தெற்கு டிரோல் பக்கத்திலிருந்து ஏறினால் 48 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட கல். 1815க்குப் பிறகு லொம்பார்தியா ஆஸ்திரியப் பேரரசின் கைக்கு வந்தது. அதைத் தலைநகர் வியன்னாவோடு இணைக்கக் கார்லோ தொனெகானி என்ற பொறியாளர் 1820க்கும் 1825க்கும் இடையே இந்தச் சாலையைப் போட்டார். 1859இல் லொம்பார்தியா கைவிட்டுப் போனதும், இணைக்கப் போட்ட சாலையின் உச்சியே எல்லையானது. முதல் உலகப்போரில் அதே சிகரங்களில் பனிக்குள் குழி வெட்டிக்கொண்டு இரு படைகளும் சுட்டுக்கொண்டன. போர் முடிந்தபின் கணவாயின் இருபுறமும் இத்தாலிக்கே வந்துசேர்ந்தது. சாலை இருந்த இடத்திலேயே இருந்தது, எல்லைதான் அதன்மேல் ஏறி இறங்கியது.

ஸ்லோவேனியாவின் வெர்ஷிச் கணவாய் இதைவிட நேரடியானது. சோச்சா ஆற்றங்கரைப் போர்முனைக்குத் தளவாடம் கொண்டுபோக 1915இல் ரஷ்யப் போர்க்கைதிகளை வைத்துப் போட்ட சாலை. 1916 மார்ச்சில் பனிச்சரிவில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் புதைந்துபோனார்கள். வடபுறம் எட்டாம் வளைவுக்கருகே கைதிகள் கட்டிய சிறிய மரத் தேவாலயம் நிற்கிறது. அந்தப் பக்கத்து வளைவுகளில் இன்றும் கருங்கல் பதிப்புதான். டயர் அதன்மேல் ஏறும்போது ஸ்டீயரிங் நடுங்கும். காரில் போகிறவருக்குச் சாலையைப் போட்டவர்களைத் தொடக் கிடைக்கிற இடம் அவ்வளவே. இந்தக் கணவாய்களெல்லாம் குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும். ஸ்டெல்வியோ திறக்க மே கடைசியோ ஜூனோ ஆகிவிடும். அதனால் என் பயணத்தின் மாதத்தை நான் முடிவு செய்யவில்லை, பனி முடிவு செய்தது. இந்தத் திட்டத்தில் எந்தத் தாளும் கேட்காமல் அதிகாரம் செய்கிறது அது மட்டும்தான்.

கோடு போட முடியாமல்போன இடம் ஒன்று வழியில் வருகிறது. கான்ஸ்டன்ஸ் ஏரியின் பெரும்பகுதியில் ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மூன்றுக்கும் இடையே ஒப்புக்கொண்ட எல்லையே இன்றுவரை இல்லை. ஏரி நடுவே கோடு போகிறது என்கிறது சுவிட்சர்லாந்து. எல்லாருக்கும் பொது என்கிறது ஆஸ்திரியா. ஜெர்மனி தெளிவாக எதையும் சொன்னதில்லை. படகுகள் போய் வருகின்றன, மீன்பிடிக்க உடன்பாடு இருக்கிறது, யாருக்கும் தூக்கம் கெடவில்லை. அல்சாஸ் இதற்கு நேர்மாறு. 1870இல் அங்கே பிறந்து முக்கால் நூற்றாண்டு வாழ்ந்த ஒருவர், வீட்டை விட்டு நகராமலே பிரெஞ்சுக்காரராக, ஜெர்மானியராக, மறுபடி பிரெஞ்சுக்காரராக, மறுபடி ஜெர்மானியராக, கடைசியில் பிரெஞ்சுக்காரராக ஆகியிருப்பார்.

கோடு கீறிய இடத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் கொரீட்சியாவுக்குப் போக வேண்டும். 1947இல் பாரிஸ் உடன்படிக்கைப்படி இத்தாலிக்கும் யூகோஸ்லாவியாவுக்கும் நடுவே கோடு விழுந்தபோது, ஊர் இத்தாலியிலும் 1906இல் கட்டிய அதன் வடக்கு ரயில் நிலையம் அந்தப் பக்கத்திலும் போயின. நிலையத்துக்கு எதிரிலிருந்த சதுக்கத்தின் நடுவே வேலி. ஊரை இழந்த பக்கம் 1948 முதல் நோவா கொரிட்சா என்று ஒரு புது நகரத்தையே எழுப்பியது. 2004இல் ஸ்லோவேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது சதுக்கத்தின் வேலியை எடுத்து, தரையில் ஒரு வட்டத் தகடு பதித்தார்கள். ஒரு கால் இங்கே ஒரு கால் அங்கே வைத்துப் படம் எடுத்துக்கொள்ளாதவர்கள் குறைவு. 2020 மார்ச்சில், கொரோனாவின்போது, அதே இடத்தில் கம்பிவேலி திரும்பி வந்தது. ஆளுக்கொரு பக்கம் நின்று பேசிக்கொண்டார்கள். 2025இல் இரண்டு ஊர்களும் சேர்ந்து ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகர் என்ற பட்டத்தை ஏற்றன. அதற்கு முன்பே, 2023 அக்டோபரில், ஸ்லோவேனிய எல்லையில் இத்தாலி சோதனையை மறுபடி தொடங்கியிருந்தது.

சதுக்கத்திலிருந்து சில கிலோமீட்டர் தெற்கே மிரென் என்ற கிராமம். அங்கே 1947இல் கோடு கல்லறைத் தோட்டத்துக்குள்ளே புகுந்து போனது. சில கல்லறைகளில் இறந்தவரின் தலை ஒரு நாட்டிலும் கால் இன்னொரு நாட்டிலும் ஆயிற்று. பூ வைக்கப் போகிறவர்கள் முள்வேலிக்கு எந்தப் பக்கம் நிற்பது என்று பார்க்க வேண்டியிருந்தது. 1975இல்தான் கோட்டைத் தோட்டத்துக்கு வெளியே நகர்த்தினார்கள். மிஷ்லென் அளவுகோலில் மிரெனுக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பார்கள் என்று யோசித்தபோதுதான் என் திட்டத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. எது பார்க்கத் தகுந்தது என்பதை அதுவரை வேறு யாரோதான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

*

மொசெல் படகில் கையெழுத்தான அதே 1985இல் ஐரோப்பாவின் இன்னொரு எல்லையில் தமிழர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். இலங்கையில் 1983 ஜூலைக்குப் பிறகு வெளியேறியவர்களில் பலருக்கு ஏரோஃப்ளோட் விமானத்தில் மாஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லின் போவது ஒரு வழியாக இருந்தது. கிழக்கு ஜெர்மனி கடந்துபோக அனுமதி கொடுத்தது. அங்கிருந்து ஃப்ரீட்ரிஷ்ஸ்ட்ராஸ நிலையத்தில் நகர ரயில் ஏறினால் மேற்கு பெர்லின். பெர்லினைப் பிரித்த கோட்டை நாட்டெல்லையாக மேற்குத் தரப்பு ஏற்கவில்லை, ஏற்காததால் அங்கே குடிநுழைவுச் சோதனையும் வைக்கவில்லை. உலகத்திலேயே கொடுமையான எல்லை என்று பெயரெடுத்த சுவரில், மேற்கே வருகிற அயல்நாட்டவருக்கு ஒரு கதவு திறந்திருந்தது. அந்த ஆண்டே மேற்கு ஜெர்மனியின் நெருக்குதலால் அதையும் அடைத்துவிட்டார்கள். பிறகு ஏஜென்சிக்காரர்கள் காட்டிய காட்டுவழிகள், மலைவழிகள், லாரிகளின் பின்புறங்கள்.

சூரிச் பக்கம் இருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரிடம் வழி விசாரிக்கலாம் என்று போனில் பேசினேன். சுவிட்சர்லாந்திலிருந்து மலை ஏறி இத்தாலிக்குள் இறங்கப் போகிறேன் என்றதும் சிரித்தார்.

“நாங்கள் அங்காலயிருந்து இஞ்சால வந்தனாங்கள், கோமோப் பக்கத்தால. நல்ல இருட்டு. மலையும் தெரியேல்லை, ஏரியும் தெரியேல்லை. முன்னால போனவரின்ர சப்பாத்தைத்தான் பாத்துக்கொண்டு நடந்தனாங்கள். நீங்கள் பகல்ல போய்ப் பாத்திட்டுச் சொல்லுங்கோ, எப்பிடி இருக்கெண்டு.”

“அதற்குப் பிறகு நீங்கள் அந்தப் பக்கம் போகவே இல்லையா?” என்று கேட்டேன்.

“எத்தினை தரம் ட்ரெயின்ல போயிருக்கிறன். அந்த இடத்துக்குப் போகேல்லை.”

அவர் இன்று சுவிஸ் குடிமகன். எந்தப் படிவமும் இல்லாமல் காரெடுத்துக்கொண்டு ஒரு காலையில் போய்வந்துவிடலாம். போகாததற்குக் காரணம் தாளில் இல்லை.

என் வழி முடியும் இடத்திலும் இதே இரண்டு முகம்தான். ஷோப்ரோனுக்கு வெளியே ஒரு வயல்வெளியில், 1989 ஆகஸ்ட் 19 அன்று, ‘ஐரோப்பியச் சுற்றுவிருந்து’ என்று ஒன்றை ஏற்பாடு செய்தார்கள். ஆஸ்திரிய எல்லையிலிருந்த பழைய மரக்கதவை அடையாளத்துக்காக மூன்று மணி நேரம் திறப்பதாகத் திட்டம். திறக்கும் நேரத்துக்குக் காத்திராமல் கிழக்கு ஜெர்மானியர்கள் கூட்டமாக வந்து தள்ளிக்கொண்டு போனார்கள். அன்று மட்டும் 600க்கு மேற்பட்டவர்கள். காவலுக்கிருந்த அதிகாரி ஆர்பாத் பெல்லாவும் அவருடைய ஆட்களும் சுடவில்லை. மூன்று மாதத்தில் பெர்லின் சுவர் விழுந்தது. அங்கே இப்போது நினைவுப் பூங்கா இருக்கிறது.

அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேர ஓட்டத்தில் ஆஸ்திரியாவின் ஏ4 நெடுஞ்சாலை. 2015 ஆகஸ்ட் 27 அன்று பார்ண்டோர்ஃப் அருகே, வண்டிகள் ஒதுங்கும் இடத்தில் நின்றிருந்த ஒரு குளிர்பதன லாரியைக் காவலர்கள் திறந்து பார்த்தார்கள். ஹங்கேரியின் கெச்கெமேட் பக்கத்திலிருந்து வந்த வண்டி. உள்ளே மூச்சு முட்டி இறந்துபோன 71 பேர்: ஈராக், சிரியா, ஆப்கானிஸ்தான், ஈரான் நாட்டவர்கள்; நான்கு பேர் குழந்தைகள். ஹங்கேரிக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவே அப்போது வழக்கமான சோதனை இல்லை. லாரி நிற்காமல் எல்லை கடந்தது. நிறுத்தித் திறந்து பார்க்க ஆளிருந்தால் பிழைத்திருப்பார்களா என்றும் கேட்கத் தோன்றும். விசா கிடைத்திருந்தால் லாரியில் ஏறியிருப்பார்களா என்பதே அதற்கு முன்னால் நிற்கிற கேள்வி. சாலையில் எல்லை இல்லாததன் பயன் தாளில் அதைக் கடந்தவர்களுக்கே. தாளில் கடக்க முடியாதவர்களுக்குச் சாலை முழுவதும் எல்லைதான்.

*

இதையெல்லாம் சேர்த்துவைத்துக்கொண்டு பார்த்தால் திட்டத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கிளம்புவதுதான் பயணம் என்ற வீரவசனத்தில் எனக்கு ஈர்ப்பில்லை. கிழித்துப் போடும் வசதி எல்லாருக்கும் கிடையாது. கறாரான திட்டத்துக்குள்ளும் இடம் இருக்கிறது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. எழுத்தாளர் ஹூலியோ கொர்த்தாஸாரும் அவர் மனைவி கேரல் டன்லப்பும் 1982 கோடையில் பாரிஸிலிருந்து மார்சேய்க்கு ஒரு ஃபோக்ஸ்வாகன் வேனில் போனார்கள். விதிகள் கடுமையானவை: நெடுஞ்சாலையை விட்டு வெளியே போகக்கூடாது, நாளுக்கு இரண்டு ஓய்விடம், எதையும் விடக்கூடாது, இரண்டாவதில் இரவு தங்க வேண்டும். ஒரே நாளில் ஓட்டி முடிக்கக்கூடிய தூரத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. லாரி ஓட்டுநர்கள், எறும்புகள், குப்பைத்தொட்டிகள், மரநிழல் எல்லாவற்றையும் கண்டுபிடிப்பாளர்களின் குறிப்பேட்டைப்போல எழுதினார்கள். டன்லப் அந்த ஆண்டே காலமானார். புத்தகம் 1983இல் வந்தது. யாரும் பார்க்காத இடத்தை அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தது அந்த விதிதான்.

அதனால் எனக்கும் ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு எல்லையிலும் அழகுக்காக ஓரிடம், எல்லையினால் ஓரிடம். ஸ்டெல்வியோவுக்கு வளைவுகள் இருக்கின்றன, அவற்றைப் பார்க்க மனம் தயங்கவில்லை. சோச்சா ஆற்றின் பச்சை நிறத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதெல்லாம் உண்மையா என்று தெரிந்துகொள்ளவும் ஆசை. ஆனால் வெர்ஷிச்சின் எட்டாம் வளைவுக்கும், மிரெனின் கல்லறைத் தோட்டத்துக்கும், ஏ4 சாலையில் பார்ண்டோர்ஃப் ஒதுக்கிடத்துக்கும் இரண்டு நட்சத்திரம் போட்டிருக்கிறேன். வழியை விட்டு விலகிப் போகத் தகுந்தவை. பார்ண்டோர்ஃபில் காரை நிறுத்திப் பார்க்க எதுவும் இருக்காது. லாரிகள் அடித்துக்கொண்டு போகிற இரைச்சல் இருக்கும்.

மூன்று நட்சத்திரம் ஒன்றே ஒன்றுக்கு: கோமோ ஏரிக்கு மேலே, இத்தாலியிலிருந்து சுவிட்சர்லாந்துக்குள் ஏறுகிற ஒரு மலைச்சரிவு. அது என் வழியிலேயே இல்லை. ஸ்டெல்வியோ உச்சியிலிருந்து கிழக்கே இறங்குவதற்குப் பதிலாக மேற்கே போர்மியோவுக்கு இறங்கி, ஆத்தா ஆற்றுப் பள்ளத்தாக்கோடு வெகுதூரம் போய்த் திரும்பி வர வேண்டும். நண்பர் இடத்தைத் துல்லியமாகச் சொல்ல முடியாது என்றார், இருட்டாக இருந்தது என்று மறுபடியும் சொன்னார். ஒரு ஊரின் பெயரும், கீழே நாய் குரைத்ததும், ஏறி முடித்ததும் கிடைத்த சாலை விளக்குகளும்தான் அடையாளம். அதைத் தேட ஒரு பகல் போதாது. பகல் கூடினால் இரவும் கூடும். இத்தாலியில் தங்கும் இரவுகள் ஸ்லோவேனியாவைத் தாண்டிவிட்டன. விண்ணப்பம் இத்தாலியத் தூதரகத்துக்குப் போகிறது. பயணத்தின் நோக்கம் என்ற கட்டத்தில் சுற்றுலா என்று குறித்திருக்கிறேன்.